கணினியுலகின் குறும்புப் பெயர்கள்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - கணினி அறிவியல்)

முன்னுரை

பெயரில்லாத பொருளைக் கேட்டு வாங்கவும் முடியாது, கொடுத்தனுப்பவும் முடியாது. ஆகையால்தான் நம் இலக்கண நூலார் பெயர்ச்சொல்லைத் தனியே எடுத்துக்கொண்டு விரிவாக ஆராய்ந்தனர். காரணமின்றித் தொன்றுதொட்டு வழங்கி வருவது இடுகுறிப்பெயர் என்றும், காரணம் பற்றி வருவது காரணப்பெயர் என்றும் அவர்கள் வகுத்ததைப் பள்ளியில் படிக்காதவர் நம்மில் எவருமிலர். மண், மரம் என்பவை இடுகுறி. பறப்பதனால் பறவை, நான்கு கால் உடைமையால் நாற்காலி. கணினித் துறைக்குள் நுழைந்து பார்த்தால் மூன்றாவதாக ஒரு வகையும் தென்படுகிறது. அங்கே பெயருக்குக் காரணம் உண்டு. ஆனால் அந்தக் காரணமே ஒரு வேடிக்கை. அதனைக் குறும்புப்பெயர் எனலாம்.

இதனை எழுத எனக்கும் ஒரு காரணம் உண்டு. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் பயின்றவள். முதற்பருவத்தில் கரும்பலகையில் அணிவகுத்து நின்ற ஆங்கிலப் பெரிய எழுத்துகள் என்னை மிரட்டத்தான் செய்தன. ஒவ்வொன்றின் பின்னும் ஏதோ ஒரு பெரிய தத்துவம் ஒளிந்திருப்பது போன்ற தோற்றம். நூலகத்தில் ஓய்வு நேரங்களில் தேடிப் படித்தபோது, அவற்றுள் பல, நள்ளிரவில் தேநீர் குடித்துக்கொண்டே இளைஞர்கள் இட்ட விளையாட்டுப் பெயர்கள் என்பது விளங்கிற்று. அச்சம் பாதி அன்றே போயிற்று. மீதிப் பாதியும் போகவேண்டும் என்பதற்காகவும், கடைசிப் பெஞ்சில் என்னோடு அமர்ந்திருக்கும் தோழியருக்காகவும் அறிந்தவற்றை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

முதலெழுத்துப் பெயர்கள்

நீண்ட பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்துச் சுருக்கமாக வழங்குவது நமக்குப் புதிதன்று. உ.வே.சா. என்றும், மு.வ. என்றும், ம.பொ.சி. என்றும் சொன்னால் போதும். ஆள் யார் என்று யாவர்க்கும் தெரியும். கணினியுலகிலும் தொடக்கத்தில் இது நேர்மையான வேலையாகவே இருந்து வந்தது. 1957-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட நிரல்மொழிக்கு ஃபோர்ட்ரான் என்று பெயர். 'ஃபார்முலா டிரான்ஸ்லேஷன்', அதாவது சூத்திரங்களைப் பெயர்த்துத் தருவது என்பதன் சுருக்கம் அது. 1959-இல் வகுக்கத் தொடங்கிய வணிக மொழிக்குக் கோபால் என்று பெயர். பக்கத்து வீட்டுப் பையன் என்று எண்ண வேண்டா. 'வணிக நோக்குடைய பொது மொழி' என்னும் ஆங்கிலத் தொடரின் சுருக்கமே அது. 1964-இல் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் கெமனி, கர்ட்ஸ் என்னும் இரு பேராசிரியர்கள், அறிவியல் படிக்காத மாணவரும் கணினியைக் கையாள வேண்டும் என்று விரும்பி ஒரு மொழியை ஆக்கினர். அதற்கு 'பேசிக்' என்று பெயரிட்டனர். எல்லாப் பணிக்கும் உரிய, தொடக்க நிலையாளருக்கான கட்டளைக் குறியீடு என்பது அதன் விரிவு. 'அடிப்படை' என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லாகவும் அது அமைந்துவிட்டது. பெயர் சுருக்கமாக இருந்தால் மட்டும் போதாது, அது ஒரு சொல்லாகவும் நிற்கவேண்டும் என்னும் ஆசை இங்கே தெரிகிறது. குறும்பின் விதை அந்த ஆசைதான்.

இவ்விடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆங்கிலத்தில் மெய்யெழுத்துகளே அடுத்தடுத்து வந்துவிட்டால் அச்சுருக்கத்தைச் சொல்லாக ஒலிக்க இயலாது, எழுத்தெழுத்தாகத்தான் சொல்லவேண்டும். தமிழில் அத்தொல்லை இல்லை. நம் சொற்களின் முதலெழுத்து உயிராகவோ உயிர்மெய்யாகவோதான் இருக்கும். எனவே எந்த முதலெழுத்துகளைக் கோத்தாலும் வாய் தடுக்காமல் ஒலிக்கலாம். ஆங்கிலத்தில் மூன்றெழுத்துச் சுருக்கங்கள் எத்தனை ஆக்கலாம் என்று கணக்கிட்டால் 26 × 26 × 26, அதாவது 17,576 வரும். அவற்றுள் கணினித் துறையினர் பயன்படுத்திக் கொண்டவை ஏராளம். அவர்களே இதைக் கேலி செய்து, 'மூன்றெழுத்துச் சுருக்கம்' என்பதற்கும் 'டி.எல்.ஏ.' என்று ஒரு மூன்றெழுத்துச் சுருக்கம் வைத்திருக்கிறார்கள்!

தன்னையே விழுங்கும் பெயர்கள்

குறும்புப் பெயர்களுள் தலையாயது தற்சுழற்சிப் பெயர். 1983 செப்டம்பரில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்பவர், எவரும் தடையின்றிப் பயன்படுத்தவும் திருத்தவும் பகிரவும் கூடிய ஓர் இயக்கமுறைமையை எழுதப்போவதாக அறிவித்தார். அது அக்காலத்து யுனிக்ஸ் போலவே இயங்கும். ஆனால் யுனிக்ஸ் அன்று. ஆகவே அதற்கு 'க்னூ' என்று பெயரிட்டார். விரிவு: 'க்னூ யுனிக்ஸ் அன்று'. சரி, அந்த விரிவிலுள்ள க்னூ என்பது என்ன? மீண்டும் 'க்னூ யுனிக்ஸ் அன்று'. அதிலுள்ள க்னூ? கேட்டுக்கொண்டே போகலாம், முடிவில்லை. ஆப்பிரிக்காவில் திரியும் ஒருவகை மானினத்துக்கும் க்னூ என்றே பெயர். ஆதலால் அவ்விலங்கின் தலையே அத்திட்டத்தின் சின்னமும் ஆயிற்று.

நிரல் எழுதுவதில் தற்சுழற்சி என்னும் உத்தியை நாம் பாடத்தில் படிக்கிறோம். 5-இன் தொடர்பெருக்கம் வேண்டுமானால் 4-இன் தொடர்பெருக்கத்தை 5-ஆல் பெருக்கு. 4-க்கு 3-ஐக் கேள். இவ்வாறு இறங்கி 1 வந்ததும் நில். 'நில்' என்னும் அந்த நிபந்தனை இல்லையேல் நிரல் சுழன்றுகொண்டே இருந்து, நினைவகம் தீர்ந்து விழுந்துவிடும். க்னூ என்னும் பெயரில் அந்த நிபந்தனை இல்லை. பாடத்தில் எது பிழையோ அதுவே இங்குச் சுவையாகி விடுகிறது. தேர்வுக்குப் படிக்கும்போது இந்த வேறுபாட்டை நினைத்துக்கொண்டால் தற்சுழற்சி மறக்கவே மறக்காது.

இவ்வழக்கத்தைத் தொடங்கியவர் ஸ்டால்மன் அல்லர். எம்.ஐ.டி. என்னும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1970-களின் பிற்பகுதியிலேயே இது வேரூன்றியிருந்தது. ஈமாக்ஸ் என்னும் எழுத்துத்தொகுப்பியைப் பின்பற்றி எழுந்த ஒன்றுக்கு 'ஐனே' என்று பெயர். 'ஐனே ஈமாக்ஸ் அன்று' என்பது விரிவு. ஜெர்மன் மொழியில் ஐனே என்றால் 'ஒன்று'. அதன் அடுத்த பதிப்புக்கு 'ஸ்வை' என்று பெயரிட்டார்கள். ஜெர்மனில் 'இரண்டு' என்று பொருள். விரிவோ 'ஸ்வை முதலில் ஐனேயாக இருந்தது'. ஒரே பெயரில் எண், வரலாறு, நகை மூன்றையும் அடக்கிவிட்டனர்.

பின்னர் வந்தவர்களும் இவ்வழியையே பற்றினர். விண்டோஸ் நிரல்களைப் பிற இயக்கமுறைமைகளில் ஓட்ட உதவும் 'வைன்', 1993-இல் தொடங்கியது. 'வைன் ஒரு போலச்செய்யி அன்று' என்பது விரிவு. இணையதளங்கள் பலவற்றுக்கு உயிராக விளங்கும் பி.எச்.பி. 1995-இல் வெளியானபோது 'தனிநபர் முகப்புப்பக்கம்' என்னும் எளிய பொருளுடையதாகவே இருந்தது. மொழி வளர்ந்து பெரிதானதும் அப்பெயர் சிறுபிள்ளைச் சட்டை போல் ஆகிவிட்டது. உடனே எழுத்துகளை மாற்றாமல் விரிவை மட்டும் மாற்றி, 'பி.எச்.பி: மீயுரை முன்செயலி' என்று தற்சுழற்சியாக்கி விட்டனர். 'யாமல்' என்பதன் கதையும் இதுவே. 'இன்னுமொரு குறியீட்டு மொழி' என்று பிறந்து, 'யாமல் குறியீட்டு மொழி அன்று' என்று தன்னையே மறுத்துக்கொண்டது.

இவ்வேடிக்கை தமிழில் இயலுமா என்று முயன்று பார்த்தேன். 'புகை' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். பு, கை என்பன எழுத்துகள். விரிவு: 'புகை கைப்படாது'. முதற்சொல்லின் முதலெழுத்து பு; இரண்டாம் சொல்லின் முதலெழுத்து கை. பொருளும் பொய்யில்லை. தோழர்கள் இதனினும் நல்லதொன்றைக் கண்டால் துறையின் அறிவிப்புப் பலகையில் எழுதலாம்.

சிலேடை நயம்

ஒரு சொல்லில் இரு பொருள் வைப்பது நம் புலவர்க்குக் கைவந்த கலை. காளமேகப் புலவர் அதனாலேயே புகழ் பெற்றார். கணினியுலகிலும் சிலேடைக்குக் குறைவில்லை.

1960-களில் 'மல்ட்டிக்ஸ்' என்னும் பெரியதோர் இயக்கமுறைமையை எழுதும் முயற்சி நடந்தது. அதிலிருந்து பெல் ஆய்வகம் 1969-இல் விலகிக்கொண்டது. அங்கிருந்த கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் சிறியதாக ஒன்றை எழுதினர். 'மல்ட்டி' என்றால் பல. ஆகவே 'ஒன்று' என்னும் பொருளுடைய 'யுனி'யைச் சேர்த்து அதற்கு யுனிக்ஸ் என்று பெயர் வந்தது. பெரிய அண்ணனைத் தம்பி செய்த கேலி அது. அண்ணன் மறைந்துவிட்டான், தம்பியின் வழித்தோன்றல்களே இன்று நம் கைப்பேசிகளில் ஓடுகின்றன.

யுனிக்ஸில் நீண்ட கோப்பைப் பக்கம் பக்கமாகக் காட்டும் நிரலுக்கு 'மோர்' என்று பெயர். ஒரு திரை நிரம்பியதும் 'இன்னும் உண்டு' என்று அது சொல்லி நிற்கும். அதனினும் வசதியாக, பின்னோக்கியும் நகரக்கூடிய ஒன்றை மார்க் நூடல்மன் 1980-களில் எழுதினார். அதன் பெயர் 'லெஸ்'. குறைவே நிறைவு என்னும் கருத்துடைய ஆங்கிலப் பழமொழியை அறிந்தவர்க்கே இதன் நயம் புரியும். மொழியாக்கியை ஆக்கித்தரும் 'யாக்' என்னும் கருவிக்கு 'இன்னுமொரு மொழியாக்கியாக்கி' என்பது விரிவு. இமயமலைக் கவரிமாவுக்கும் ஆங்கிலத்தில் யாக் என்றே பெயர். ஆகவே க்னூ திட்டத்தார் அதற்கு மாற்றாக எழுதியதற்குப் 'பைசன்', அதாவது காட்டெருமை என்று பெயரிட்டனர்.

'சி' மொழிக்கு முன் இருந்தது 'பி' மொழி. சி-யை வளர்த்தெடுத்து 1983-இல் பெயர் பெற்றது 'சி பிளஸ் பிளஸ்'. சி மொழியில் இரு கூட்டல் குறிகளை இட்டால் மதிப்பை ஒன்று கூட்டு என்று பொருள். எனவே 'சி-யினும் ஒரு படி மேல்' என்பதை அந்த மொழியின் இலக்கணத்தாலேயே சொல்லிவிட்டார்கள். முத்து என்னும் ஒலியுடைய 'பெர்ல்' 1987-இல் வந்தது. அதற்கு இணையாக ஜப்பானியர் மாட்சுமோட்டோ தம் மொழிக்கு 'ரூபி', மாணிக்கம் என்று பெயர் வைத்தார். பைதான் என்றதும் மலைப்பாம்பை நினைக்கிறோம். அதனை ஆக்கிய கைடோ வான் ராசம், 'மான்ட்டி பைதான்' என்னும் ஆங்கில நகைச்சுவைக் குழுவை நினைத்தே அப்பெயரை இட்டார்.

வேதியியல் துறை நண்பர்களுக்காக ஒன்று. வங்கியில் என் கணக்கிலிருந்து பணம் கழிந்து உங்கள் கணக்கில் சேரவேண்டும். பாதியில் மின்சாரம் போனால் இரண்டும் நடந்திருக்கவேண்டும், அல்லது இரண்டும் நடந்திருக்கக் கூடாது. தரவுத்தளம் இத்தகைய நான்கு உறுதிகளைத் தரவேண்டும் என்று வகுத்து, அவற்றின் முதலெழுத்துகளால் 'ஆசிட்', அமிலம் என்று 1983-இல் ஹார்டர், ராய்ட்டர் என்னும் இருவர் பெயர் சூட்டினர். பிற்காலத்தில், உலகெங்கும் பரவிய பெருங்கணினித் தொகுதிகளில் அத்துணைக் கண்டிப்பு இயலாது, சற்றுத் தாமதமாக ஒத்துப்போனால் போதும் என்னும் மாற்றுக் கொள்கை எழுந்தது. அதற்கு இட்ட பெயர் 'பேஸ்', அதாவது காரம்! அமிலத்துக்கு எதிர் காரம் என்பது பத்தாம் வகுப்புப் பாடம் அல்லவா?

பின்னால் ஒட்டிய விரிவுகள்

பெயர் முதலில், விரிவு பிறகு. இஃதொரு வகை. 'பி.சி.எம்.சி.ஐ.ஏ.' என்று ஒரு சங்கம் இருந்தது. மடிக்கணினிகளில் செருகும் அட்டைகளுக்கு அளவு வகுத்தது. ஆறெழுத்துப் பெயரை நினைவில் வைக்க முடியாமல் தவித்தவர்கள், 'கணினித் துறைச் சுருக்கங்களை மனிதரால் மனப்பாடம் செய்ய இயலாது' என்று ஆங்கிலத்தில் அதே ஆறெழுத்துக்கும் பொருந்த விரிவு கட்டிவிட்டனர்.

இவ்வழக்கத்தையே கிண்டல் செய்ய 1972-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர் இருவர், டான் வுட்ஸ், ஜேம்ஸ் லயன் என்போர், ஒரு நிரல்மொழியை ஆக்கினர். அதன் முழுப்பெயர் 'ஒலிக்கத்தக்க சுருக்கம் இல்லாத மொழியாக்கி மொழி'. சுருக்கம் 'இன்ட்டர்கால்'! முழுப்பெயருக்கும் சுருக்கத்துக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. அம்மொழியில் கட்டளைகளுக்கு முன் 'தயவுசெய்து' என்று அவ்வப்போது எழுதவேண்டும். குறைவாக எழுதினால் மரியாதை போதாது என்று நிரலைக் கணினி தள்ளிவிடும். அளவுக்கு மீறி எழுதினாலோ, குழைகிறான் என்று அப்போதும் தள்ளிவிடும். அலுவலகங்களுக்கு விண்ணப்பம் எழுதிப் பழகிய நமக்கு இதன் நயத்தை விளக்க வேண்டியதில்லை.

இணையத்தின் விதிமுறைகளை வகுக்கும் பெரியோர்களும் ஏப்ரல் முதல் நாளில் விளையாடுவதுண்டு. 1998-இல் அவ்வாறு வந்தது, காப்பிப் பானையைத் தொலைவிலிருந்து இயக்குவதற்கான விதிமுறை. காப்பி போடச் சொன்னால், 'நான் தேநீர்ப் பானை' என்று மறுப்பதற்கு 418 என்னும் பிழை எண்ணும் அதில் உண்டு. 2022-இல் வெளியான உண்மையான தரநிலையிலும் அந்த எண்ணை வேறெதற்கும் கொடுக்காமல் ஒதுக்கி வைத்துவிட்டனர். ஒரு நகைச்சுவைக்குக் கிடைத்த நிரந்தர இருக்கை அது!

பிள்ளைகளும் பொம்மைகளும்

எல்லாப் பெயரும் கேலியன்று. சிலவற்றில் அன்பும் உண்டு. மை எஸ்.க்யூ.எல். என்னும் தரவுத்தளத்திலுள்ள 'மை' என்பதை 'என்னுடைய' என்று பொருள் கொள்கிறோம். உண்மையில் அது அதனை ஆக்கிய மைக்கேல் விடேனியஸ் என்பாரின் மூத்த மகளின் பெயர். அவர் பின்னர்ப் பிரித்தெடுத்து வளர்த்த மரியா டி.பி. இளைய மகளின் பெயரைத் தாங்குகிறது. பெருந்தரவுகளைக் கையாளும் 'ஹடூப்', டக் கட்டிங் என்பாரின் மகன் தன் மஞ்சள் யானைப் பொம்மைக்கு வைத்திருந்த பெயர். ஆகவேதான் அதன் சின்னமும் மஞ்சள் யானை. 1993-இல் இயன் மர்டாக் தம் பெயரையும் அந்நாளில் தமக்கு உரியவராக இருந்த டெப்ராவின் பெயரையும் இணைத்து 'டெபியன்' என்று வைத்தார். அதன் ஒவ்வொரு பதிப்பும் பொம்மைகளைப் பற்றிய திரைப்படமான 'டாய் ஸ்டோரி'யின் ஒரு பாத்திரத்தின் பெயரைப் பெறும். இன்னும் நிலைபெறாத, எப்போது வேண்டுமானாலும் உடையக்கூடிய பதிப்புக்கு 'சிட்' என்று பெயர். படத்தில் பொம்மைகளை உடைக்கும் சிறுவன் அவன்.

இவ்வரிசையில் ஒரு சோகக் கதையும் உண்டு. ஆப்பிள் நிறுவனம் 1983-இல் 'லிசா' என்னும் கணினியை வெளியிட்டது. ஸ்டீவ் ஜாப்ஸின் மகள் பெயர் லிசா. ஆனால் அந்நாளில் அவர் அக்குழந்தையைத் தம் மகளென்று ஒப்பவில்லை. எனவே நிறுவனத்தார் அவ்வெழுத்துகளுக்கு ஏதோவொரு தொழில்நுட்ப விரிவைக் கற்பித்துக் கூறினர். நம்பாத பொறியாளர்கள், 'லிசா: புனைந்துவைத்த மடச்சுருக்கம்' என்று தற்சுழற்சியாக விரித்துச் சிரித்தனர். பல்லாண்டுகள் கழித்தே, அது மகளின் பெயர்தான் என்று ஜாப்ஸ் தம் வரலாற்றாசிரியரிடம் ஒப்புக்கொண்டார்.

நம் கிராமங்களில் பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில் அடுத்த பிள்ளைக்குப் பிச்சை என்றும் குப்பன் என்றும் பெயரிடுவதுண்டு. கண்ணேறு படாது என்பது நம்பிக்கை. லைனஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் எழுதிய கருவிக்கு 'கிட்' என்று பெயரிட்டார். இங்கிலாந்துப் பேச்சுவழக்கில் அது 'உதவாக்கரை' என்பது போன்ற வசைச்சொல். உலகமே இன்று பயன்படுத்தும் அக்கருவி, திருஷ்டிப் பெயர் பெற்ற பிள்ளையைப் போலவே நன்றாகத் தழைத்துவிட்டது.

ஒட்டகமும் பாம்பும்

இதுவரை மென்பொருள்களின் பெயர்களைக் கண்டோம். நிரலுக்கு உள்ளேயும் நூற்றுக்கணக்கான பெயர்கள் தேவைப்படுகின்றன. மதிப்புகளைத் தாங்கும் மாறிகளுக்குப் பெயரிடும்போது ஒரு சிக்கல் எழுகிறது. பெயரின் நடுவே இடைவெளி விடக்கூடாது. 'மாணவர் வருகை எண்ணிக்கை' என்று எழுதினால் கணினி மூன்று பெயர்களாகக் கொள்ளும். ஆகவே சொற்களை ஒட்டும் முறைகள் சில தோன்றின. அடிக்கோட்டால் இணைத்து 'மாணவர்_வருகை_எண்ணிக்கை' என்று எழுதுவது பாம்பு முறை; தரையோடு ஊர்ந்து செல்வதால் அப்பெயர். சிறுகோட்டால் இணைப்பது கபாப் முறை. கம்பியில் இறைச்சித் துண்டுகளைக் கோத்தது போலிருக்கும். ஆனால் பல மொழிகளில் சிறுகோட்டைக் கணினி கழித்தல் குறியாகக் கொண்டுவிடும். மாணவரிலிருந்து வருகையைக் கழிக்க முனையும்! இரண்டாம் சொல் முதல் ஒவ்வொரு சொல்லின் தலையெழுத்தையும் ஆங்கிலப் பெரிய எழுத்தாக்கி ஒட்டி எழுதுவது ஒட்டக முறை. நடுவே திமில் எழும்பி நிற்கும். ஜாவாவில் ஒட்டகமும் பைதானில் பாம்பும் வழக்கம். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் வேறுபாடே இல்லாமையால் நம் ஒட்டகத்துக்குத் திமில் கிடையாது. தமிழெழுத்தில் மாறிகளுக்குப் பெயரிட விரும்புவோர்க்குப் பாம்பே துணை.

ஃபோர்ட்ரானில் வேறொரு வழக்கம். ஐ முதல் என் வரையுள்ள ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் மாறி, வேறாக அறிவிக்காத வரையில் முழு எண், மற்றவை மெய்யெண். முழு எண்ணைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலிரு எழுத்துகளே ஐ, என் என்பது நினைவுக்குறிப்பு. நாம் இன்றும் சுழற்சிகளில் ஐ, ஜே, கே என்று எழுதுவதற்கு இவ்வழக்கம் துணைநின்றது. 'காட்' என்னும் ஆங்கிலச் சொல் ஜி-யில் தொடங்குவதால், 'முழு எண் என்று அறிவிக்காத வரையில் கடவுள் மெய்' என்று ஒரு நகைச்சுவையும் பிறந்தது. பட்டிமன்றத்துக்குத் தீர்ப்பளித்தது போலில்லையா?

ஹங்கேரிய முறை என்றும் ஒன்றுண்டு. புடாபெஸ்ட்டில் பிறந்து மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் பணியாற்றிய சார்லஸ் சிமோனி வகுத்தது. மாறி எவ்வகையைச் சார்ந்தது என்பதைச் சில எழுத்துகளால் பெயரின் முன்னே சேர்ப்பது அது. ஹங்கேரியர் குடும்பப் பெயரை முன்னும் சொந்தப் பெயரைப் பின்னும் சொல்வர், அதற்கேற்ற பெயரே. தந்தை பெயரின் எழுத்தை முன்னே வைத்துக்கொள்ளும் தமிழராகிய நாமும் இவ்வகையில் ஹங்கேரியருக்கு உறவினர். இதன் பயன் என்ன? கிடைவரிசை எண்ணும் ஓர் எண், நெடுவரிசை எண்ணும் ஓர் எண். இரண்டையும் தவறிக் கூட்டினாலும் கணினி ஆட்சேபிக்காது. முன்னெழுத்து இருந்தாலோ படிப்பவர் கண்ணிலேயே பிழை உறுத்தும். பிற்காலத்தில் இம்முறையைப் பொருளறியாமல் எங்கும் ஒட்டத் தொடங்கினர். இறுதியில் மைக்ரோசாஃப்ட் நிறுவனமே தன் டாட்நெட் வழிகாட்டியில் அதனைத் தவிர்க்கச் சொல்லிவிட்டது.

பெயரில் குறிப்பு இருப்பது வெறும் அழகன்று. 1999 செப்டம்பர் 23 அன்று செவ்வாய்க் கோளை அடைந்த அமெரிக்க விண்கலமொன்று தொலைந்து போயிற்று. உந்துபொறியின் தாக்கத்தை ஒரு மென்பொருள் பவுண்டு-விநாடி அளவில் தந்தது. அதனைப் பெற்ற மற்றொன்று நியூட்டன்-விநாடி என்று கொண்டது. இரண்டுக்கும் ஏறத்தாழ 4.45 மடங்கு வேறுபாடு. எண்ணோடு அதன் அலகும் பெயரிலேயே பயணம் செய்திருந்தால் யாரேனும் ஒருவர் கண்ணில் பட்டிருக்கக் கூடும்.

சிரிப்பு கசக்கும் இடம்

நகைச்சுவைக்கு மறுபக்கமும் உண்டு. ஆப்பிள் பொறியாளர்கள் ஒரு கணினிக்கு உள்வழக்காகக் 'கார்ல் சேகன்' என்று வானியல் அறிஞரின் பெயரை இட்டிருந்தனர். அவர் ஆட்சேபித்ததும், அவரை வைதே வேறொரு மூன்றெழுத்துச் சுருக்கத்தைச் சூட்டினர். விவகாரம் வழக்குமன்றம் வரை போயிற்று. படங்களைத் திருத்தும் 'கிம்ப்' என்னும் இலவச மென்பொருளை 1995-இல் பெர்க்லி மாணவர் இருவர் விளையாட்டாகப் பெயரிட்டு எழுதினர். அச்சொல் ஆங்கிலத்தில் கால் ஊனமுற்றோரை இழிக்கும் சொல். பள்ளிகளில் அப்பெயரைச் சொல்லத் தயங்கியவர்கள் 2019-இல் வேறு பெயரில் அதனைப் பிரித்தெடுத்தனர். 2021-இல் அம்முயற்சி நின்றுபோயிற்று. ஆண்டான், அடிமை என்று சாதனங்களுக்கு இட்டிருந்த பெயர்களும் அண்மைக் காலத்தில் ஒவ்வொன்றாக மாறிவருகின்றன. ஆண்ட்ராய்டு பதிப்புகளுக்கு 2009 முதல் அகரவரிசையில் இனிப்புப் பண்டங்களின் பெயர்களை வைத்து வந்த கூகுள், 2019-இல் அதனை நிறுத்தி எண்ணுக்கு மாறியது. அப்பண்டங்கள் எல்லா நாட்டாருக்கும் தெரிந்தவையல்ல என்பதும், சில மொழியினர்க்கு எல், ஆர் ஒலிகள் வேறுபடா என்பதும் அவர்கள் சொன்ன காரணங்கள். நகைச்சுவை எல்லை தாண்டினால் புதிராகிவிடுகிறது. நமக்கும் அது புதிராகத்தானே வந்தது?

இவையனைத்தினும் எனக்கு உறைத்தது 'பெப்காக்' என்னும் சுருக்கம். 'கோளாறு விசைப்பலகைக்கும் நாற்காலிக்கும் இடையே உள்ளது' என்பது விரிவு. அதாவது பயன்படுத்துபவரே கோளாறு என்று பொருள். படித்தவுடன் சிரித்தேன். பிறகு ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது. உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க ஒரு மையத்துக்கு அப்பாவுடன் சென்றிருந்தேன். கணினியில் 'முதற்பெயர்', 'கடைசிப்பெயர்' என்று இரண்டு கட்டங்கள். தலைப்பெழுத்துக்கு இடமில்லை. கடைசிப்பெயரை நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்காது. அங்கிருந்தவர் அப்பாவின் பெயரை முழுதாக என் பெயரோடு ஒட்டிவிட்டார். மதிப்பெண் சான்றிதழில் ஒரு பெயர், விண்ணப்பத்தில் வேறு பெயர் என்று அது திரும்பி வந்தது. சரிசெய்ய மூன்று முறை அலைந்தோம். தறியில் உட்கார்ந்தால்தான் கூலி. அப்பாவுக்கு மூன்று நாள் கூலி போயிற்று. "எம் பேருல என்னம்மா தப்பு?" என்று அவர் வழியில் ஒருமுறை கேட்டார்.

அவர் பெயரில் தவறில்லை. நாற்காலியில் இருந்தவரிடமும் பெருந்தவறு இல்லை. உலகத்தார் எல்லார்க்கும் இரண்டு பெயர்தான் இருக்கும் என்று எங்கோ ஒருவர் எண்ணிக்கொண்டு, இரண்டு மாறிகளுக்கு இரண்டு பெயர் இட்டுவிட்டார். கோளாறு அங்கேதான் இருந்தது. 'முழுப்பெயர்' என்று ஒரே கட்டம் வைத்திருந்தால் ஹங்கேரியரும் தமிழரும் ஒருசேரப் பிழைத்திருப்பர்.

முடிவுரை

தற்காலிக நினைவகத்தைப் புதுப்பிப்பதும் பெயரிடுவதுமே கணினி அறிவியலின் இரு பெருந்தொல்லைகள் என்று ஃபில் கார்ல்ட்டன் என்னும் நிரலர் சொன்னதாக வழங்குகிறது. முதலாவதைப் பாடநூல் கற்பிக்கும். இரண்டாவதை நாமே கற்கவேண்டும்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு சுருக்கத்தைக் கரும்பலகையில் எழுதும்போது விரிவோடு அதன் கதையையும் ஒரு நிமிடம் சொல்லுங்கள். ஆங்கிலம் அறிந்தவர் சிரித்துவிட்டுப் போகும் இடத்தில், தமிழ் வழியில் வந்தவர் ஏதோ புரியாததாக எண்ணி ஒதுங்கி நிற்கிறார். கதை தெரிந்தால் அவரும் சிரிப்பார். சிரித்த பாடம் மறக்காது.

தோழர்களுக்கும் ஒன்று. அடுத்த ஆண்டு நாம் செயல்திட்டம் எழுதப் போகிறோம். நம் நிரல்களிலும் மாறிகள் இருக்கும், படிவங்கள் இருக்கும், கட்டங்கள் இருக்கும். திட்டத்துக்கு எவ்வளவு குறும்பான பெயர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்வோம். ஆனால் கட்டத்துக்குப் பெயரிடும் முன், அதை நிரப்ப வரிசையில் நிற்கப் போகிறவர் யார் என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்போம்.